பூட் மேனேஜர் காணவில்லை

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: பூட் மேனேஜர் இஸ் மிஸ்ஸிங். சென்னியப்பன் எத்தனை தடவை படித்தாலும் அது அலுக்காமல் அதையேதான் சொல்கிறது. கீழே இன்னொரு வரி, மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் மறுபடி முயன்று பார்க்கிறேன் என்கிற மாதிரி. அமுக்கினார். விசிறி சுற்றியது, பெட்டிக்குள்ளே சின்ன விளக்கு ஒன்று மினுக்கி அணைந்தது, அப்புறம் பழையபடி அதே மிஸ்ஸிங். பத்தாம் வகுப்போடு நின்றுபோன இங்கிலீஷ்தான் அவருக்கு, ஆனால் மிஸ்ஸிங் தெரியாதா என்ன. தாராபுரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களுக்கு டிசைன் போட்டுத் தருகிற தொழில், வீட்டின் முன்னறைதான் கடை. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, காணவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி தயாராக இருக்கும், பேரையும் படத்தையும் மாற்றினால் முடிந்தது. காணவில்லைக்கு மேலே சிவப்புப் பட்டை, நடுவில் படம், கீழே ‘கண்டால் தகவல் தரவும்’. பட்டையில் எழுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் தெரிகிற அளவு இருக்க வேண்டும். இங்கே என்னடாவென்றால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். காணாமல் போனதைப் பொடி எழுத்தில் போட்டால் எவன் தேடுவான். அந்த நினைப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும் சென்னியப்பன் அதை அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி மூன்று பொத்தானை அமுக்கினார்.

பழைய டிஸ்க்கைச் சும்மா சொல்லக்கூடாது, அது முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. டக், டக் என்று உள்ளே ஒரு சத்தம், பெரியவர் ஒருவர் ஏதோ பேச வாயெடுத்துத் தொண்டையைச் செருமுகிற மாதிரி. ஜாபர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “இது ரொம்ப நாளைக்குத் தாங்காதுங்ணா, புதுசுக்கு மாத்திப்போடுங்க” என்றான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறவன், இந்த மெஷினை வாங்கின நாளிலிருந்து அவன்தான் வைத்தியம். எஸ்எஸ்டி என்று புது டிஸ்க்கைக் கையில் கொடுத்தபோது சென்னியப்பனுக்கு நம்பிக்கையே வரவில்லை, கனமில்லை, சத்தமில்லை, சோப்பு டப்பா மூடி கணக்காக இருந்தது. “இதுலயா அத்தனையும் புடிக்கும்?” “அதுக்கு மேலயும் புடிக்குங்ணா. அப்படியே அச்சு அசலா காப்பி எடுத்துக்கலாம். பென் டிரைவுல எல்லாம் போட்டுத் தர்றேன், நீங்களே பண்ணிருவீங்க.” அவன் மச்சினன் கல்யாணத்துக்கு மேலப்பாளையம் போகிறான். வரும்வரை பொறுக்கலாம் என்றால் டக் டக் பொறுக்காது போலிருந்தது. காலையில் பெட்டியைத் திறந்து, குறுக்கே நின்ற ஒயர்களையெல்லாம் கழற்றி ஒதுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, காப்பிக்குப் போட்டார். பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் திரையில் வரிசையாகக் காட்டியது. சி, டி, ஈ. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, துணுக்கு மாதிரி, அதற்கு எழுத்துகூட இல்லை. எழுத்தே இல்லாதது எதற்கு, ஏதாவது குப்பையாக இருக்கும் என்று அதன் டிக்கை எடுத்துவிட்டார். பாதி போனபோது டக் டக் வேகமாகி, இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, தாண்டிவிடட்டுமா என்று கேட்டது. அவர் தாண்டு என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. தாண்டு. அப்புறம் இன்னொரு தடவை. காப்பி முடிந்தது என்று சொல்லி வாய் மூடவில்லை, பழைய டிஸ்க் நீளமாக ஒரு தடவை உறுமி அடங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்த ஒயரில் போட்டாலும் அப்படி ஒன்று இருப்பதாகவே மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அது ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் மேஜைமேல் கிடக்கிறது. தொட்டால் இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

தாண்டியது எதை? அதுதான் தெரியவில்லை. டிசைன்கள் போகட்டும், மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் போகட்டும், எல்லாக் கட்சிக்காரர்களின் பிறந்தநாளும் சேர்ந்து போகட்டும், அடுத்த வருஷமும் பிறந்தநாள் வரத்தான் போகிறது. அந்த ஒன்று மட்டும் தாண்டினதில் போயிருக்கக்கூடாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தனியாக எடுத்து வைத்திருக்கலாம். தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடவில்லை. தேடக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். ஜாபருக்குப் போன் போட்டார். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவே அவன் கேட்டுவிட்டு, “அய்யோ, அந்தச் சின்னதை விட்டுட்டீங்களா? அதுலதானுங்ணா எழுப்பற ஆளே இருப்பான்! சரி, பயப்படாதீங்க. ஒண்ணு பண்ணலாம், ஃபார்மட் அடிச்சுட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுக்குங்க, அரை மணி நேர வேலை. உங்க டிசைன் எல்லாம் டியில இருக்கும், அது பாட்டுக்கு இருக்கும்” என்றான். “அது வேண்டாம்.” “ஏனுங்ணா, புதுசு பளிச்சுனு இருக்குமே?” “பளிச்சுனு இருக்க வேண்டாம் ஜாபர். பழைய மாதிரியே எந்திரிக்கோணும். அதே மாதிரி.” ஜாபருக்குப் புரியவில்லை. வயசானவர்கள் பழைய செருப்பையே கேட்பதில்லையா, அப்படி எடுத்துக்கொண்டிருப்பான். “செரிங்ணா, எழுப்பிப் பாக்கலாம். மெஷின் போடறப்ப பீப் சத்தம் வருதுங்களா, எத்தனை தடவை வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க, சாப்பிட்டுட்டுக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டான். பீப் கேட்க ஸ்பீக்கர் வேண்டும். ஸ்பீக்கர் அட்டாலியில் இருந்தது, பழைய பஞ்சாங்கங்களுக்கும் உடைந்த சல்லடைக்கும் பின்னால். சமையல்கட்டில் ருக்குமணி இருக்கிறாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். தூசி தட்டிப் பெட்டியின் பின்பக்கம் செருகிப் போட்டார். ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. பீப் பெட்டிக்குள்ளே எங்கிருந்தோ ஒரு தடவை வந்தது, ஸ்பீக்கர் பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாக மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவருக்குப் பீப் எதில் வரும் என்றுகூடத் தெரியவில்லை என்று தன்னையே வைதுகொண்டு, அதை அப்படியே விட்டுவிட்டார்.

எந்திரிச்சுட்டேனுங்ப்பா. அவ்வளவுதான் அது. வேறொன்றும் இல்லை, மூன்று நொடிகூட வராது. மெஷின் எழுந்து வரும்போது எல்லார் வீட்டிலும் ஒரு டொய்ங் சத்தம் வரும் அல்லவா, அந்த இடத்தில் இவர் வீட்டில் மோனி பேசுவாள். பேர் மௌனிகா. பேரைத்தான் அப்படி வைத்தார்கள், பிறந்ததிலிருந்து வாயை மூடினவள் இல்லை. கடைக்கும் அவள் பேர்தான், மௌனிகா கிராபிக்ஸ். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஏதோ சொல்லிக்கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், என்ன செய்கிறாய் என்றதற்கு, நாளைக்குப் பாருங்கப்பா என்றாள். மறுநாள் காலையில் இவர் ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் சொன்னது, எந்திரிச்சுட்டேனுங்ப்பா! அது அவள் தினமும் சொல்வது. விடிந்தால் இதே கூத்து, மோனி எந்திரி சாமி நேரமாச்சு என்று ருக்குமணி ஒரு பக்கம் கத்துவாள், இவர் ஒரு பக்கம் கத்துவார், போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும், எந்திரிச்சுட்டேனுங்ப்பா. ஆள் வராது. கத்திக் கத்தி மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோதான் கால் தரையில் படும். மெஷினும் அப்படித்தான், சத்தம் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரும்வரை திணறிக்கொண்டு கிடக்கும். உன்னாட்டமே இருக்குதடி இது என்று ருக்குமணி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், வரவில்லை. பல் தெரியச் சிரிப்பாளா, வாயைப் பொத்திக்கொள்வாளா. கூடவே இருக்கிறவளின் சிரிப்பு மறந்துபோகுமா ஒரு மனுஷனுக்கு. போகும்.

வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார், காதுகுத்து ஃப்ளெக்ஸ் வேண்டுமாம், கையில் மாமன்மார் படங்கள் ஒரு கவர் நிறைய. “மெஷின் ரிப்பேருங்க, நாளைக்கு வாங்க.” “ஏனுங், செத்துப்போச்சுங்களா?” “சாகலைங்க. எந்திரிக்கலை, அவ்வளவுதான்” என்றார் சென்னியப்பன், கேட்கிறவர் ஒரு அடி பின்னால் போகிற குரலில். அந்த ஆள் படக் கவரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சாகிறதைப் பற்றி இந்தக் கடையில் வந்து கேட்கிறார் பாருங்கள். சாகாதவளைச் சாகடித்த கடை இது. அதற்குப் பக்கத்திலேயே நினைப்பு சுற்றிச் சுற்றி வருகிறது, கட்டின மாடு முளைக்குச்சியைச் சுற்றுகிற மாதிரி. அன்றைக்கும் இதே நாற்காலிதான். மோனி ஓசூருக்குப் போய் அந்தப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்த அன்று பங்காளிகள் எல்லாரும் இந்த அறையில்தான் நின்றார்கள், செருப்பைக்கூடக் கழற்றாமல். நம்ம ஆளுக இல்லை அந்தப் பையன். ருக்குமணி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “ஏனுங்க, காணவில்லைன்னு போடுங்க. அம்மா தேடறேன், வந்துரு கண்ணுன்னு போடுங்க. ஊருக்கு ஊரு ஒட்டலாம். அவ பாத்தா வந்துருவாளுங்க.” பெரிய வீட்டு அண்ணன் நல்லசிவம், பேரைப் பாருங்கள், நல்ல சிவம், குரலை உயர்த்தவே இல்லை. “போன எடம் தெரியுது. இதுல காணம்னு என்னத்தப் போடறது? கண்ணீர் அஞ்சலி போடு. நாளைக்கு விடியறப்ப பஸ் ஸ்டாண்டுல இருக்கோணும். இல்லாட்டி நாளப்பின்ன உன் வீட்டுச் சாவுக்கு ஒருத்தன் வரமாட்டான்.” தெரிந்த இடத்துக்குப் போனவளுக்குக் காணவில்லை போடக்கூடாதாம், உயிரோடு இருக்கிறவளுக்கு அஞ்சலி போடலாமாம். என்ன நியாயமோ. ஆனால் அப்போது சென்னியப்பன் வாயில் இந்த நியாயம் வரவில்லை. இரண்டு மாதிரியும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அம்பு ஒன்றின்மேல் நின்றது. விரல் இன்னொன்றுக்குப் போனது. தாமரை, குத்துவிளக்கு, இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வடிகிற அந்தப் படம், ஊரில் எல்லாச் சாவுக்கும் அதே இரண்டு கண்தான். ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோ. தோற்றம் என்ற இடத்தில் தேதி யோசிக்காமல் வந்தது, பெற்றவர் அல்லவா. மறைவு என்ற இடத்தில் கை நின்றது. “இன்னிக்குத் தேதியப் போடு” என்றார் நல்லசிவம். போட்டார். போட்டதோடு விடவில்லை, தலைப்பில் ‘ஞ்’சும் ‘ச’வும் இடித்துக்கொண்டு நின்றன, அதை நகர்த்திச் சரியும் பண்ணினார். தொழில். அந்தச் சரிபண்ணினதைத்தான் இன்றுவரை அவரால் பொறுக்க முடியவில்லை.

நல்லசிவம் மகன் இதே மெஷினில் உட்கார்ந்து அவள் படங்களையெல்லாம் தேடித் தேடி அழித்தான், ஆல்பத்தைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள், கடை போர்டில் மௌனிகாவுக்குமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி எம் கிராபிக்ஸ் ஆக்கினார்கள். இனி அந்தப் பேர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது. சத்தத்தைப் பற்றி மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவர்கள் வந்தபோது மெஷின் ஏற்கெனவே எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்தது. பஸ் ஸ்டாண்டில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அடியில் மறைவு. சென்னியப்பன் பழக்கத்தில் கடையைத் திறந்து பழக்கத்தில் ஸ்விட்சைப் போட்டார். எந்திரிச்சுட்டேனுங்ப்பா! சமையல்கட்டில் பாத்திரம் விழுந்தது, அப்புறம் ருக்குமணி அழுத அழுகை, அது அழுகையா, அப்படி ஒரு சத்தம் ஒரு பொம்பளை வயிற்றுக்குள் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவர் பாய்ந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் அட்டாலிக்குப் போனது. அழித்துவிட்டார் என்று ருக்குமணி நினைத்துக்கொண்டாள், அவரும் அழிக்கவில்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் மெஷின் ஊமையாக எழுந்தது. திரையில் அந்த நாலு நிறப் பூ விரிகிறபோது, இப்போது சொல்லியிருப்பாள், இப்போது முடித்திருப்பாள் என்று அவர் கணக்குப் பண்ணுவார். சொல்லுகிறாள், கேட்கத்தான் ஆளில்லை. அது தாங்கவில்லை. ஒருநாள் ஒரு ஹெட்போன் வாங்கிவந்து பெட்டியின் முன்பக்கத்தில் மாட்டினார். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் ஹெட்போன், அப்புறம் ஸ்விட்ச். காதுக்குள்ளே வரும், ஒரே ஒரு தடவை. கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். இதில் தப்பு என்ன. நானா போட்டுக் கேட்டேன், மெஷின் எழுகிறபோது தன்னால் வருகிறது. அவள் பேரையா சொல்கிறது, சத்தம்தானே. ஊருக்குக் கொடுத்த வாக்கில் இதெல்லாம் சேராது. ஃபைல் எங்கே என்று தேடினால் சேரும், விரலால் தட்டிப் பாட்டு மாதிரிப் போட்டால் சேரும். அதனால் தேடவில்லை. தேடாததுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. காலையில் பாட்டுக் கேட்கிறார் என்றுதான் ருக்குமணி நினைத்திருப்பாள். பெற்ற மகளைத் தொலைத்துவிட்டுக் காலங்காத்தால பாட்டுக் கேட்கிற மனுஷன்.

“சோறாயிருச்சு” என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. யாருக்கு என்று சொல்லாத குரல். சோறாயிருச்சு, தண்ணி வந்துருச்சு, கேஸ் முடிஞ்சுது. சுவரைப் பார்த்துச் சொல்வாள், சுவரில் பட்டு இவருக்கு வரும். ஏனுங்க என்று அவள் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. போஸ்டர் ஒட்டினபோதுகூட அது போகவில்லை, அழுதுகொண்டே ஏனுங்க என்பாள், சாப்பிடுங்க என்பாள். போனது பிற்பாடு. ஒரு மழைக்காலத்தில் அந்தப் பையன் போன் பண்ணினான். மோனிக்குக் காய்ச்சல், டெங்கு என்றான், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் நிற்கவில்லை என்றான், உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்றான். இவர் “சரிங்க” என்றார். வாடிக்கைக்காரரிடம் சொல்கிற சரிங்க. நாளைக்குள்ள ரெடியாயிரும், சரிங்க. தகவல் தெரிந்து நல்லசிவம் வந்தார். ருக்குமணி வாசல்படியில் நின்று, “ஏனுங்க, போலாங்க” என்றாள். சென்னியப்பன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் சொன்னார், “ஒருத்திய எத்தன தடவடா எடுக்கறது?” சென்னியப்பன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ருக்குமணி ஒரு பையில் மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு தனியாக ஓசூர் பஸ் ஏறினாள். கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போகாதவள். திரும்பி வந்தபோது அவள் வாயில் ஏனுங்க இல்லை. அவள் பஸ் ஏறின அன்றைக்கு ஒரு ஆள் வந்து அவன் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி கேட்டான், இவர் போட்டுக் கொடுத்தார். தன் மகளுக்குப் போட முடியவில்லை. எப்படிப் போடுவது, தோற்றம் அதே தோற்றம், மறைவில் ஏற்கெனவே ஒரு தேதி இருக்கிறதே. பொய்த் தேதி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, நிஜத் தேதிக்கு இடமில்லை. நிஜமாகச் செத்தவளுக்கு ஒரு மாலைகூட இந்த ஊரில் விழவில்லை. அன்று முன்னிரவில் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டார். காதில் வந்தது, எந்திரிச்சுட்டேனுங்ப்பா. பொய் சொல்லுகிறாள். எப்போதும் சொல்லுகிற பொய்தான்.

போன் அடித்தது. ஜாபர் ஏப்பத்தோடு பேசினான். “பீப் ஒரு தடவைதானுங்ளா? அப்ப போர்டு நல்லாருக்கு. ஸ்பீக்கர மாட்டினீங்களா! அது அதுல வராதுங்ணா” என்று சிரித்தான். “பென் டிரைவுலருந்து எழுப்புங்க. ரிப்பேர்னு வரும், அதுக்குள்ள போங்க. கறுப்பா ஒரு பொட்டி வரும், நான் சொல்றத அப்படியே அடிங்க.” ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், சென்னியப்பன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஒரு எழுத்து கூடிப்போய், அழித்து, மறுபடி அடித்தார். அந்தத் துணுக்கு செய்த வேலையை இனி சியே செய்யும்படி ஆக்குகிறானாம். சின்னது இல்லாத வீட்டில் பெரியவர்கள் செய்வது போலத்தான். திரை சொன்னது, பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு அணைத்துப் போட்டார். விசிறி. சின்ன விளக்கு. பூட் மேனேஜர் இஸ் மிஸ்ஸிங். “வரலை ஜாபர்.” “வரலையா? இருங்க இருங்க. ஆ! ஆக்டிவ்னு சொல்லாம விட்டுட்டோமுங்ணா. அது சொல்லாட்டி மெஷினுக்கு யாரப் போய்க் கேக்கறதுன்னு தெரியாது. மறுபடி உள்ள போங்க.” மறுபடி பென் டிரைவ், மறுபடி கறுப்புப் பெட்டி. ஏ, சி, டி, ஐ, வி, ஈ. ஆக்டிவ். உயிரோடு இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் போதுமாம் இதற்கு. அன்றைக்கு அவள் இருக்கிறாள் என்று ஒரே ஒருத்தர் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லியிருக்கலாம். “அடிச்சாச்சு.” “இப்ப போடுங்ணா. வந்துரும். இங்க போட்டோ புடிக்கக் கூப்பிடறாங்க, வெச்சர்றேன்.” போனில் நாலைந்து பேர் பேசுகிற சத்தம் கேட்டு அறுந்தது.

பென் டிரைவை எடுத்தார். ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு போட மனசு வராமல் கொஞ்ச நேரம் இருந்தார். போடாதவரை அவள் தாண்டினதிலும் இருக்கலாம், தாண்டாததிலும் இருக்கலாம். போட்டுவிட்டால் தெரிந்துபோகும். அழிக்கப் பார்த்தார்கள், அழியவில்லை. செத்தும் அழியவில்லை. இத்தனைக்கும் தப்பினதை, தாண்டு தாண்டு என்று இவரே தட்டிவிட்டிருந்தால்? போஸ்டரில் தேதியைத் தட்டின அதே விரல்தானே. மெஷின் நன்றாக எழுந்து, பளிச்சென்று எழுந்து, அந்த இடத்தில் ஒன்றுமே வராமல் போனால் அப்புறம் நாளைக்குக் காலையில் எதற்குக் கதவைத் திறப்பது. மாரியாத்தா என்றார். ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டி இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்ளப் போனவர், ஒரு கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினார். விசிறி சுற்றியது. கறுப்பு. கறுப்பாகவே நின்றது. அப்புறம் நாலு பொட்டு நிறம், சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்து சேர்ந்து பூவாக விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். காதுக்குள்ளே ஒன்றுமில்லை. மெத்தைமேல் மெத்தை போட்ட மாதிரி ஒன்றுமில்லை. போயிருச்சு. தாண்டினதில் போயிருச்சு.

“எந்திரிச்சுட்டேனுங்ப்பா!”

காதுக்குள்ளிருந்து வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, உள் அறையில் போர்வைக்குள்ளிருந்துதான் அவள் பேசினாள், சென்னியப்பன் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். அப்புறம்தான் கண்ணில் பட்டது, பெட்டிக்குள்ளே காலையில் கழற்றி ஒதுக்கினதில் ஹெட்போனுக்குப் போகிற முன்பக்கத்து ஒயர் மாட்டாமல் தொங்குகிறது, ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிகிறது. சமையல்கட்டில் தட்டு வைக்கிற சத்தம் நின்றுபோனது. ஹெட்போனைப் பறித்து வீசிவிட்டு அவர் குனிந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடித்தார், அன்றைக்குப் பிடித்த மாதிரியே. நிலைப்படியில் ருக்குமணி நின்றாள். ஈரக் கை, விரலில் ஒட்டின சோற்றுப் பருக்கை. அழிக்கலை நான், என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. தினமும் கேட்டேன், உன்னை விட்டுவிட்டுக் கேட்டேன் என்றும் வரவில்லை. அவள் ஆணியைப் பார்த்தாள், தரையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாளோ. அத்தனை காலை வேளைகளும் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வந்தது முகத்தில் தெரிந்தது.

“ஏனுங்க” என்றாள்.

அவர் கை ஒயரிலேயே நின்றது.

“அதப் புடுங்காதீங்க. இன்னொருக்கா அணைச்சுப் போடுங்க.”

“மறுபடி எந்திரிக்குமோ என்னமோ, ருக்கு” என்றார். “இப்பத்தான் வந்துச்சு. அணைச்சா வருமோ வராதோ.”

“அவ எப்பங்க ஒரு கூப்பாட்டுல எந்திரிச்சா? போடுங்க.”

ஒயரை விட்டார். அணைத்தார். திரை கறுத்து, அதில் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ருக்குமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவள் ஈரக் கையைச் சேலையில்கூடத் துடைக்காமல் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையைப் பார்த்து, பக்கத்து அறையில் தூங்குகிறவளை எழுப்புகிற குரலில் கூப்பிட்டாள்.

“மோனி, எந்திரி சாமி. நேரமாச்சு.”